ஊசியில் செய்த சிக்கனம்: இசைத்தட்டு இயக்கத்தின் வரலாறு சொல்லும் பாடம்

யானையை வாங்கியவர் அங்குசத்திற்குப் பேரம் பேசலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை இப்பழமொழியை மறந்தவர் வரிசையில் நம் முன்னோரும் உண்டு, நாமும் உண்டு.

நம் பாட்டியார் வீட்டுப் பரணில் ஒரு சிறு கட்டாக இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றுள் எஸ்.ஜி.கிட்டப்பா பாடிய தட்டு ஒன்று. 1906இல் பிறந்து 1933இல் மறைந்துவிட்ட அந்தக் கலைஞரின் குரல் நமக்கு வந்து சேர்ந்திருப்பது இத்தகைய தட்டுகளின் வழியாகத்தான். பேசும்படங்கள் தமிழகத்தில் வேரூன்றுமுன் அவர் காலமாகிவிட்டார். தட்டில் கீறல் இல்லை, உடைப்பு இல்லை. ஆயினும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கருமையாக மின்ன வேண்டிய பரப்பு சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. ஓட்டிப் பார்த்தோம். கீழ்நிலைச் சுரங்களில் குரல் கேட்டது. பாடகர் மேலே ஏறும்போதெல்லாம் மணல் சலிக்கும் ஓசையே எஞ்சியது. கிட்டப்பாவைக் கிட்டப்பாவாக்கிய உச்சக் குரல் எவ்விடத்தில் பதிவாகியிருந்ததோ, சரியாக அவ்விடமே தேய்ந்து போயிருந்தது.

காரணத்தைத் தேடியபோது, அதே பரணில் இருந்த ஊசிப்பெட்டி விடையளித்தது. பெட்டி முக்கால் பங்கு நிறைந்திருந்தது. வீட்டார் சிக்கனமாக, ஒரே ஊசியைக் கொண்டு பலமுறை ஓட்டியிருக்கின்றனர். மிச்சமானது ஊசி, செலவானது குரல்.

வீட்டிலுள்ள பழைய இசைத்தட்டு இயக்கியைக் குறைந்த செலவில் செம்மைப்படுத்த விரும்பும் நண்பர்கள் "எதிலிருந்து தொடங்குவது?" என்று அடிக்கடி வினவுகின்றனர். அவ்வினாவிற்கான விடை கடைக்காரரிடம் இருப்பதைவிட வரலாற்றில் தெளிவாக இருக்கிறது என்பது நம் கருத்து. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அரக்கும் எஃகும்

1877இல் எடிசன் உருவாக்கிய ஃபோனோகிராப், உருளையின்மேல் சுற்றிய வெள்ளீயத் தகட்டில் ஒலியைப் பதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் கிராமபோனுக்கான காப்புரிமையைப் பெற்றார். அவர் வகுத்த முறையில் ஊசி மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் அசைந்தது. உருளை மெல்ல மறைந்து தட்டு நிலைபெற்றது. தட்டின்மேல் சுருளாக ஓடும் பள்ளத்தை இக்கட்டுரையில் 'சால்' என்றே குறிப்போம். ஏர்முனை மண்ணில் கீறிச் செல்வது போன்றே வெட்டுமுனை தட்டில் கீறிச் செல்கிறது. நாம் பயன்படுத்தும் ஊசி அச்சால் வழியே மீண்டும் நடக்கிறது.

அக்காலத் தட்டுகளின் பிணைப்புப் பொருள் அரக்கு. உலகிற்கு அரக்கை வழங்கிய நாடுகளுள் முதன்மையானது இந்தியா. இலண்டனில் 1898இல் தொடங்கப்பெற்ற கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு வார்க்கும் ஆலை எழுந்தது. 1928இல் டம்டமில் பெரிய ஆலை அமைந்தது. சென்னையில் பதிவான பாடலும் டம்டமில் தட்டாகித் தமிழ் வீடுகளுக்குத் திரும்பி வந்த காலம் ஒன்று உண்டு.

தட்டில் அரக்கு மட்டும் இருக்கவில்லை. கல்தூள், கரி, பருத்தி இழை ஆகியவையும் கலந்திருந்தன. உண்மையில் கல்தூளின் பங்கே மிகுதி. இது கலப்படமன்று. எஃகு ஊசி சாலில் இறங்கியதும் கல்தூள் அதன் முனையைச் சாணைக்கல்லைப் போலத் தேய்த்து, ஒரு சில சுற்றுகளிலேயே அந்தச் சாலின் வடிவிற்கு அதனைப் பொருத்திவிடும். பொருந்திய ஊசி மூன்று நிமிடம், அதாவது பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம், நன்றாக ஓடும். அதற்குள் அதன் முனை உளியைப் போலத் தட்டையாகிவிடும். அதன்மேல் நூறு கிராமிற்கும் அதிகமான எடை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த உளியை மறுபக்கத்தில் இறக்கினால் அது சாலின் சுவர்களைச் செதுக்கத் தொடங்கும். பக்கத்திற்கு ஓர் ஊசி என்று நிறுவனங்கள் வற்புறுத்தியதை விற்பனைத் தந்திரம் என்று பலர் எண்ணினர். அது தந்திரமன்று, பொருளியல் விதி. எஃகு தேய வேண்டும், தட்டு தேயக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

இருநூறு ஊசிகள் கொண்ட ஒரு பெட்டி நூறு தட்டுகளை இருபுறமும் ஓட்டப் போதுமானது. பாட்டியார் வீட்டில் அப்பெட்டி முக்கால் பங்கு நிறைந்திருந்ததன் பொருள் இப்போது விளங்கும்.

முப்பது டாலர் இணைப்பு

1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்தது. அதுவரை கூம்பின் முன் நின்று உரக்கப் பாடிய பாடகர்கள் ஒலிவாங்கியின் முன் இயல்பாகப் பாடத் தொடங்கினர். ஆயினும் அரக்குத் தட்டும் கனத்த ஊசியும் நீடித்தன. மாற்றத்திற்கு வழிவகுத்தது இரண்டாம் உலகப்போர். இந்தியாவிலிருந்து சென்ற அரக்கு வரத்து தடைப்பட, 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கு அரக்கைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. 1943 முதல் படைவீரர்களுக்காக அனுப்பப்பட்ட வி-டிஸ்க் தட்டுகளில் வினைல் இடம்பெற்றது.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுழற்சியில் ஓடும் நெடுந்தட்டை அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுழற்சித் தட்டைக் கொணர்ந்தது. நெடுந்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடியது. சால் மெலிந்தது, 78 தட்டுகளுக்கான ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான் என்றால், நெடுந்தட்டிற்கானது 25 மைக்ரான்.

இங்கே சிறு செலவுக்காரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிய தட்டு வேண்டுமெனில் புதிய பெட்டி, புதிய ஒலிபெருக்கி அனைத்தும் வாங்குக என்று கொலம்பியா கூறியிருந்தால் அத்தட்டு நிலைத்திருக்குமா என்பது ஐயமே. அந்நிறுவனம் ஃபில்கோ தயாரித்த சிறிய இணைப்பு இயக்கி ஒன்றை 29.95 டாலருக்கு விற்கச் செய்தது. சுழல்தட்டும் மெல்லிய கையும் மட்டுமே அதில் இருந்தன. வீட்டில் ஏற்கெனவே இருந்த வானொலிப் பெட்டியோடு அதனை இணைத்துவிட்டால் போதும். வானொலியின் பெருக்கியும் ஒலிபெருக்கியும் பழையனவே. தட்டைத் தொடும் பகுதி மட்டும் புதியது. நெடுந்தட்டுக் காலமே இப்படியொரு பகுதி மேம்பாட்டோடுதான் தொடங்கியது.

வினைலின் வரவால் தேய்மானத்தின் திசையும் மாறியது. வினைலில் கல்தூள் இல்லை, அது மென்மையானது. ஆகவே ஊசி கடினமானதாக, நீலக்கல்லாகவோ வைரமாகவோ ஆயிற்று. முன்பு ஊசி தட்டிற்கு விட்டுக்கொடுத்தது. இப்போது விட்டுக்கொடுப்பது தட்டு. வைரம் தேயாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தேயும், மெல்லத் தேயும். தேய்ந்தபின் இருபுறமும் தட்டையான முகங்களோடு கூரிய விளிம்பு பெறும். எஃகு உளி அரக்கிற்குச் செய்ததை வைர உளி வினைலுக்குச் செய்யும்.

இரட்டை முனை ஊசிகளின் காலம்

மேலைநாடுகளில் 1950களின் இறுதிக்குள் மறைந்துவிட்ட 78 தட்டு, இந்தியாவில் மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. 1960களின் நடுப்பகுதியில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களே இங்கு 78 சுழற்சியில் வெளியாயின என்றால் அதன் ஆயுள் விளங்கும். மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுத்து இயக்கும் பெட்டிகளே இருந்தன. அவற்றிற்கு 78 தட்டு மட்டுமே பொருந்தும்.

ஆகையால் இங்கு வந்த மின் இயக்கிகள் இரண்டு வகைத் தட்டிற்கும் ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. எச்.எம்.வி.யின் ஃபியஸ்டா போன்ற பெட்டி வடிவ இயக்கிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: கார்ட்ரிட்ஜின் முன்புறத்தில் ஒரு சிறு நெம்பு, அதனைத் திருப்பினால் ஒருபுறம் 78க்கான முனை, மறுபுறம் நெடுந்தட்டிற்கான முனை. இத்தகைய கார்ட்ரிட்ஜ்கள் படிகத்தாலோ பீங்கானாலோ ஆனவை. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள்கள் அவை. படிக வகையில் பயன்பட்ட ரோசெல் உப்பு ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் அஞ்சுவது. 55 பாகை செல்சியசை நெருங்கினால் கெட்டுவிடும். நம் கோடைக்கும் பரண்களுக்கும் அது ஈடுகொடுக்காததில் வியப்பில்லை. பீங்கான் வகை சற்றே உரமானது.

இவ்விரண்டின் சிறப்பு, மலிவு. இவற்றிலிருந்து வரும் மின்குறிப்பு வலுவானது. தனிப்பட்ட முன்பெருக்கி தேவையில்லை. குறை, முரட்டுத்தனம். ஊசியைத் தாங்கும் பகுதி விறைப்பானதாகையால் அதிக எடை வைத்தால்தான் அது சாலில் நிற்கும். பெரும்பாலும் நீலக்கல் முனை. ஏறத்தாழ ஐம்பது மணி நேரத்தில் அதை மாற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு நெடுந்தட்டு ஓட்டும் வீட்டில் ஐம்பது மணி நேரம் என்பது இரண்டரை மாதம். ஆண்டுக்கு நான்கைந்து முறை ஊசி மாற்றிய வீடுகளை நாம் கண்டதில்லை. பத்தாண்டுகளுக்கு ஒரே ஊசியை வைத்திருந்த வீடுகளைக் கண்டிருக்கிறோம். நம் வீடும் அவற்றுள் ஒன்று. முந்தைய தலைமுறை எஃகு ஊசியில் செய்த பிழையை அடுத்த தலைமுறை நீலக்கல் ஊசியில் செய்தது.

இவ்வகைப் பெட்டிகள் மறைந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் அமெரிக்காவில் விற்பனை எண்ணிக்கையில் இசைத்தட்டு குறுந்தட்டை முந்தியது. 1987க்குப்பின் அவ்வாறு நிகழ்ந்தது அப்போதுதான். இந்த மறுமலர்ச்சியோடு அதே பீங்கான் கார்ட்ரிட்ஜும் அதே நீலக்கல் முனையும் புதிய வண்ணப் பெட்டிகளில் மீண்டும் வந்திருக்கின்றன. பெட்டியின் அழகைக் கண்டு பாட்டனார் விட்டுச்சென்ற தட்டுகளை அதில் வைக்குமுன் சற்றே சிந்திப்பது நலம்.

காந்தமும் சமன்பாடும்

ஆலன் புளூம்லைன் 1931இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்த இருதட ஒலிப்பதிவு, 1958இல்தான் தட்டாகக் கடைக்கு வந்தது. ஒரே சாலின் இரு சுவர்களில் இரு தடங்கள். ஒவ்வொரு சுவரும் 45 பாகைச் சாய்வில். இதனை ஊறின்றிப் படிக்க இலேசாக அசையும் முனை தேவைப்பட்டது. அவ்வாண்டே ஷூர் நிறுவனம் இயங்கு காந்த வகை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜை வெளியிட்டது. 1964இல் அதன் வி-15 வந்தது. அசையும் பகுதி ஒரு சிறு காந்தம் மட்டுமே. சுருள்கள் அசையாமல் நிற்கும். எடை ஒன்று முதல் மூன்று கிராம் வரை குறைந்தது. இவ்வகையின் மற்றொரு நன்மை சிறு செலவுக்காரர்களுக்கானது: கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, முனைப்பகுதியை மட்டும் கையால் இழுத்து எடுத்துப் புதியதைச் செருகலாம்.

காந்தக் கார்ட்ரிட்ஜின் மின்குறிப்பு மிக மெல்லியது என்பதோடு, அதற்கு மற்றொரு பணியும் செய்தாக வேண்டும். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவர். இல்லையேல் தாழ்ந்த ஒலிகள் சாலை அகலமாக்கி இடத்தை விழுங்கும். உயர்ந்த ஒலிகள் பரப்பின் இரைச்சலில் மறையும். இயக்கும்போது அதனை நேர் எதிராகத் திருப்ப வேண்டும். தொடக்கத்தில் நிறுவனத்திற்கு ஒரு அளவு இருந்தது. 1954இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலவை ஒரே வளைகோட்டை வகுத்தது. அதன்படி, இயக்கும்போது 20 ஹெர்ட்சில் ஏறத்தாழ 19 டெசிபல் கூட்டி, 20,000 ஹெர்ட்சில் ஏறத்தாழ அதே அளவு குறைக்க வேண்டும். இப்பணியைச் செய்யும் பெட்டியே ஃபோனோ முன்பெருக்கி.

பழைய பீங்கான் கார்ட்ரிட்ஜை நீக்கிவிட்டுக் காந்த வகையைப் பொருத்தியவர்கள் "ஒலி மெலிந்து, கீச்சென்று கேட்கிறது, ஏமாந்துவிட்டோம்" என்று சலிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஏமாற்றம் கார்ட்ரிட்ஜில் இல்லை. இடையில் இருக்க வேண்டிய முன்பெருக்கி இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 'ஃபோனோ' என்று குறித்த துளை இருந்தால் அதற்குள்ளேயே இப்பணி நடக்கும். தனியே செலவு வேண்டாம். வாங்குமுன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது ஒரு சிறு பெட்டியின் விலையை மிச்சப்படுத்தும்.

ஐம்பத்தெட்டு டாலர் சுழல்மேசை

நல்ல சுழல்மேசை கனமாக, விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தவர் எட்கர் வில்சர். 1954இல் அக்கவுஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1961இல் அவர் வடிவமைத்த சுழல்மேசை, கையும் சேர்த்து, 58 டாலருக்கு வந்தது. அதுவரை பெரும்பாலான இயக்கிகளில் இரப்பர்ச் சக்கரம் ஒன்று மோட்டாரின் சுழற்சியைத் தட்டிற்கு நேரே கடத்தும். மோட்டாரின் அதிர்வும் கூடவே வரும். வில்சர் சிறிய மோட்டாரை இரப்பர்ப் பட்டையால் இணைத்தார். தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அச்சட்டத்தை மூன்று சுருள்விற்களில் தொங்கவிட்டார். மேசைமீது சுத்தியலால் தட்டினாலும் ஊசி தாவாது என்று செய்து காட்டினர்.

1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் இதே கொள்கையை உயர்ந்த துல்லியத்தோடு செய்து, ஒலியின் தரம் மூலத்தில்தான் தொடங்குகிறது, ஒலிபெருக்கியில் அன்று என்று வாதிட்டது. மறுபுறம் ஜப்பானின் டெக்னிக்ஸ் 1970இல் எஸ்பி-10 என்ற நேரியக்கச் சுழல்மேசையையும், 1972இல் எஸ்எல்-1200ஐயும் கொணர்ந்தது. அதில் பட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு. எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நமக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நன்கு பேணப்பட்ட இருவகையும் வீட்டிற்குப் போதுமானவை. வழக்கில் பயனுள்ள பகுதி ஒன்றே: அதிர்வைத் தடுப்பதும் வேகத்தைக் காப்பதும் பணத்தைவிட அறிவைக் கேட்கும் வேலைகள்.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் பழைய இயக்கிகள் பல, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் துடிப்பைக் கொண்டு வேகத்தை நிர்ணயிப்பவை. மின்மாற்றி வைத்து அழுத்தத்தைச் சரிசெய்தாலும் நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மாறாது. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் அது சுழலும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். மோட்டாரின் கப்பியை மாற்றும் வழி அந்த இயக்கிக்கு உண்டா என்று கேட்டறிந்த பின்னரே பெற்றுக்கொள்க.

அட்டையில் அச்சிட்ட வடிவியல்

தட்டை வெட்டும் முனை விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டு இயக்கியின் கையோ ஒரு முனையில் பூட்டப்பட்டு வில்போல் வளைந்து நகர்கிறது. ஆகவே ஊசி சாலுக்குச் சற்றுக் கோணலாகவே நிற்கும். கோணல் மிகுந்தால் ஒலி சிதையும்; தட்டின் உட்பகுதியில் பாடல் முடியும் வேளையில் அது நன்கு தெரியும். 1923இல் காம்ப்டன் மெக்கன்சி தொடங்கிய 'தி கிராமபோன்' இதழில், 1924இலேயே பெர்சி வில்சன் இச்சிக்கலை எழுதிவிட்டார். 1938இல் எரிக் லோஃப்கிரனும் 1941இல் எச்.ஜி.பேர்வால்டும் கணிதத்தால் அதனைத் தீர்த்தனர். கையைச் சற்றே மடித்து, ஊசி மையத்தைத் தாண்டி நிற்குமாறு பொருத்தினால் பிழை மிகச் சிறிதாகும். இரண்டு இடங்களில் முற்றிலும் இல்லாமற்போகும். பேர்வால்டின் கணக்கில் அவை மையத்திலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரும் 121 மில்லிமீட்டரும் ஆகும்.

இத்தனை கணிதமும் இன்று ஓர் அட்டையில் அடங்கும். அளவு மாறாமல் அச்சிட்ட அட்டையைச் சுழல்தட்டின்மேல் வைத்து, அவ்விரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டிற்கு இணையாக நிற்கும்வரை திருகாணியைத் தளர்த்தித் திருத்தினால் போதும். செலவு ஒரு தாள். தேவை ஒரு மாலைப்பொழுது.

செலவின் வரிசை

இவ்வளவு வரலாற்றையும் தொகுத்து நோக்கினால், சிறு செலவில் மேம்படுத்துவோர்க்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. "எதை மாற்றினால் ஒலி மிகுதியாக மாறும்?" என்று கேட்டால் பலமுறை ஒலிபெருக்கியே என்பது விடையாகும்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மோசமான ஒலிபெருக்கி தட்டிற்குத் தீங்கு செய்வதில்லை. அடுத்த ஆண்டு பணம் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். சாலில் இருப்பது அப்படியே காத்திருக்கும். தேய்ந்த ஊசி அப்படியன்று. அது ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்வதைத் திருப்பித் தருவதில்லை. ஆகவே "எதைத் தவறவிட்டால் மீட்க முடியாது?" என்று கேட்பதே முறை. தட்டைத் தொடுவது முதலில், தொடாதது பின்னர்.

இதன்படி முதற்செலவு ஊசி. இயக்கியுடன் வந்த பழைய முனையின் வயது தெரியாவிடில் தேய்ந்ததாகவே கொள்க. வைர முனை ஏறத்தாழ ஐந்நூறு மணி நேரத்திற்குமேல் ஐயத்திற்குரியது. நாற்பது நிமிடத் தட்டுகள் 750 என்று கணக்கிடலாம். ஒரு குறிப்பேட்டில் கோடிட்டு வருவது போதும். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆயினும் அதன் பழைய உடல்களுக்குப் பொருந்தும் முனைகளை ஜப்பானின் ஜிகோ செய்கிறது. 1873இல் தையல் ஊசித் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் அது. புதிதாக வாங்குவோர் ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையைக் கருதலாம். ஒரே உடலில் எளிய முனையையும் உயர்ந்த முனையையும் மாற்றிச் செருகலாம். 78 தட்டிற்கென அகன்ற முனையும் அவ்வரிசையில் உண்டு. நெடுந்தட்டு ஊசியை 78 தட்டில் ஓட்டினால் அது சாலின் அடியில் புழுதியோடு புரளும். பழைய சாவிப் பெட்டியில் வினைல் தட்டை ஓட்டுவதோ ஒரே முறையில் அதனை அழிப்பதாகும். விளையாட்டிற்கும் செய்ய வேண்டாம்.

இரண்டாவது செலவு எடை பார்க்கும் கருவி. நகைக்கடையில் உள்ளது போன்ற சிறு மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரும்பு மேடையுள்ளது காந்தத்தை இழுக்கும், அதனைத் தவிர்க்க. கார்ட்ரிட்ஜ் செய்தவர் குறித்த எடையையே வைக்க வேண்டும். எடை குறைவாக இருந்தால் தட்டிற்கு நல்லது என்பது பரவலான பிழை. எடை போதாத ஊசி சாலின் சுவர்களில் துள்ளி மோதும். சரியான எடையைவிட அது தரும் ஊறு மிகுதி.

மூன்றாவது, செலவே இல்லாதவை. சுழல்மேசையை நீர்மட்டம் பார்த்து நிறுத்துதல். ஒலிபெருக்கி இருக்கும் பலகையிலேயே அதனை வைக்காதிருத்தல். அட்டை கொண்டு கோணத்தைத் திருத்துதல். காகிதச் சக்கரம் கொண்டு வேகம் பார்த்தல். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திற்கு 33⅓ சுழற்சிக்கு 180 கோடுகள் கொண்ட சக்கரம் வேண்டும். பழைய குண்டு பல்பின் ஒளியில் கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அத்துடிப்பு தெரியாது.

நான்காவது, தட்டைத் தூய்மை செய்தல். வினைலுக்குக் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான சோப்புக் கரைசலின் ஒரு துளியும் போதும். 78 தட்டில் மட்டும் சாராயம் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெருகெண்ணெய் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். தட்டிலும் அதே அரக்குதான்.

முன்பெருக்கி, சுழல்மேசை, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி ஆகியவை இவற்றிற்குப் பிறகு, கையிருப்பிற்கேற்ப வரட்டும். 1948இன் இணைப்பு இயக்கி பழைய வானொலியோடு வாழ்ந்ததுபோல், புதிய ஊசி பழைய ஒலிபெருக்கியோடு சில காலம் வாழலாம்.

பரணில் கிடைத்த அந்தத் தட்டை, பின்னர் 78க்கான அகன்ற முனை வாங்கி மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். பழைய ஊசி தேய்த்த உயரத்திற்குச் சற்று விலகி, சாலின் சுவரில் தேயாத இடத்தில் இம்முனை அமர்ந்தது போலும். மணலோசை குறைந்தது. கீழ்நிலைச் சுரங்கள் தெளிந்தன. மேல்நிலையில் ஓரிரு இடங்களில் குரல் எட்டிப் பார்த்தது. மற்ற இடங்களில் வரவில்லை. அது இனி வராது. அந்தத் தட்டை ஒருமுறை கணினியில் பதிவு செய்துகொண்டு உறையில் இட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இத்தகைய கட்டு ஒன்று இருக்கக்கூடும். அதனைக் கேட்கும் ஆவலில் உடனே ஊசியை இறக்கிவிடாதீர்கள். முதலில் ஊசியைப் பாருங்கள்.